இரண்டு நிமிடம் பதினான்காவது நொடி

புளியந்தோப்பு அடங்க இரவு ஒன்றரை ஆகும்.
கடைசிக் குக்கர், கடைசி ஆட்டோ,
பேசின் பிரிட்ஜ் யார்டில் பெட்டிகளைக் கோக்கும் சத்தம்,
எதிர்வீட்டுக் குழந்தையின் இருமல்
எல்லாம் முடிந்த பிறகு
போனோடு போர்வைக்குள் புகுந்துகொண்டு
என் குரலை வெளியே எடுப்பேன்.

"வணக்கம். தண்ணீர் லாரியைச் செயலியில் பதிவு செய்வது எப்படி என்று
இந்தக் காணொளியில் பார்க்கலாம்."

பார்க்கலாம் என்கிற சொல்லுக்கு வரும்போது
ஒவ்வொரு முறையும் வேர்த்துவிடும்.
ஃபேன் போட்டால் ஃபேனும் பேசும்.

திரையில் என் விரல் தெரியாது.
அது தொடுகிற இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் வரும்,
தொட்டதும் மங்கும்.
ஒரு காணொளிக்கு எண்ணூறு ரூபாய்.
ஜாஃபர் சார் அடுத்த மாதம் தருவார்.

முந்நூற்று நாற்பது எம்.பி.
ஏற்றுவதற்கான சிக்னல் பால்கனிக் கம்பியில்தான் இருக்கிறது.
க்ளிப் இரண்டு மாட்டி
போனைக் காயப்போட்டேன்.
பாவாடைக்கும் பள்ளிச் சட்டைக்கும் நடுவில்
பதினேழு சதவீதம், பதினேழு சதவீதம் என்று
விடியும்வரை ஆடிக்கொண்டிருந்தது.

இணைப்பு கையில் உள்ளவர் மட்டும் பார்க்கலாம் என்றுதான் வைத்திருந்தேன்.
யாரோ இறக்கியிருக்கிறார்கள்.
யாரோ ஓரத்தை வெட்டி
கம்பெனிப் பெயரை எடுத்திருக்கிறார்கள்.
யாரோ கொடுங்கையூர் குடியிருப்போர் குழுவில் போட,
அங்கிருந்து வியாசர்பாடி, அங்கிருந்து மாதவரம்,
பங்குனியில் எங்கெல்லாம் மோட்டார் காற்றைக் குடித்ததோ
அங்கெல்லாம் போய்
பதினொரு எம்.பி.யாக இளைத்து
தலையில் இரட்டை அம்புக்குறியோடு
ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கே வந்தது.
அனுப்பியது கீழ்வீட்டு மேகலா அக்கா.
"உனக்கு உபயோகப்படும், பாத்துக்கோ."

பார்த்தேன்.
எழுத்தெல்லாம் பாசி பிடித்திருந்தது.
என் குரல் காலி சின்டெக்ஸ் தொட்டிக்குள்ளிருந்து வந்தது.
இரண்டு நிமிடம் பதினான்காவது நொடியில்
நான் கவனிக்காமல் விட்ட ஒன்று
மேலிருந்து வழிந்து இறங்கியது:
உங்கள் கணக்கில் இருப்பு ரூ. 212.40.

மூன்று நொடி.
பிறகு எதுவும் நடக்காதது போல ஏறிக்கொண்டது.
அத்தனையும் மங்கிப்போன காணொளியில்
அது மட்டும் எப்படித்தான் அவ்வளவு தெளிவாக இருந்ததோ.

அன்றே அழித்தேன்.
அழிப்பதற்கு ஒரு தொடுகை போதும்.
என்னுடையது போனது.
அவர்களுடையது இருந்தது.

சித்திரையில் செயலியைப் புதுப்பித்தார்கள்.
வலது கீழ் ஓரத்து நீலப் பொத்தான்
மேலே மூன்று கோடுகளுக்குள் ஒளிந்துகொண்டது.
புதிதாக ஒன்று பேசிக் கொடுத்தேன்.
பாதி பழசுதானே என்று அறுநூறு தந்தார்.
அதை ஒருவரும் இறக்கவில்லை.
பழையதுதான் இன்னும் ஊரெல்லாம் சுற்றுகிறது,
இல்லாத பொத்தானை அழுத்தச் சொல்லி.

நேற்று லாரி நின்ற இடத்தில்
மஞ்சள் நைட்டியின் மேல் துண்டு போட்ட ஒரு அம்மா
நாளைய லாரிக்காக
போனின் வலது கீழ் ஓரத்தைக் குத்திக்கொண்டே இருந்தாள்.
கண்ணாடி தேய்ந்துவிடும் போல.

பக்கத்தில் போய்
"மேலே இடதுபுறம் உள்ள மூன்று கோடுகளைத் தொடவும்" என்றேன்.

தொடவும்.
தெருவில் யார் அப்படிப் பேசுவார்கள்.
போர்வைக்கு வெளியே அந்தக் குரல் வந்தது
அதுதான் முதல் முறை.

அந்த அம்மா கோடுகளைத் தொடவில்லை.
என்னைத்தான் பார்த்தாள்.

"அய்ய, நீதானா அது?
எரநூத்திப் பன்னண்டு ரூவா?"

வரிசையில் நாலு பேர் திரும்பினார்கள்.
குழாயைப் பிடித்திருந்த ஏகாம்பரம்
யாருடைய காலிலோ தண்ணீரை விட்டுக்கொண்டிருந்தார்.

"நாப்பது பைசா" என்றேன்.

"அப்புறமாச்சும் ஏதாவது ஏறிச்சா?"
கேட்டுக்கொண்டே
என் பக்கெட்டைக் காலால் முன்னே தள்ளினாள்,
தன்னுடையதற்கும் முன்னே.